என் பாதி விதை

நவ. 19, புதன்

காலையிலிருந்து மூட்டம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போனது. கெமிஸ்ட்ரி டெஸ்ட் திங்களுக்குத் தள்ளிப்போனது. நல்லது.

இதை யார் கையில் எடுத்திருக்கிறீர்களோ, கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வரியோடு மூடிவிடுங்கள். அம்மாவாக இருந்தாலும் மூடிவிடு அம்மா. யாரிடமும் காட்ட வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். பகல் முழுக்க நல்ல பெண்ணாக இருந்து எனக்கு வாய் வலிக்கிறது. ஓரிடத்திலாவது உள்ளதை எழுதிவைக்க வேண்டும். அதற்குத்தான் போன வருட மேப் நோட்டின் பின்பக்கம். மேப் நோட்டை யாரும் திறக்க மாட்டார்கள்.

யாழினியின் பெட்டியில் இன்று 31 முளை. என் பாத்தியில் 0.

தீபாவளி முடிந்து இங்கிலாந்திலிருந்து பையர் மேடம் வந்திருந்தார். எங்கள் யூனிட்டில் தைக்கிற பனியன்களை வாங்குகிற கம்பெனிக்காரர். போகும்போது அப்பா கையில் ஒரு விதைப் பாக்கெட் கொடுத்தார், ‘உங்கள் மகளுக்கு’ என்று. மகள் என்றால் நான். தாரணி. வீட்டில் வேறு மகள் கிடையாது. ஆனால் ஜூன் மாதத்திலிருந்து சித்தப்பா மகள் யாழினி எங்களோடு இருக்கிறாள், உடுமலையை விட இங்கே ஸ்கூல் நல்லது என்று. அப்பா பாக்கெட்டைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்து, விசிட்டிங் கார்டால் விதையைச் சரிபாதியாக ஒதுக்கினார். கசகசாவை விடப் பொடி. மூச்சு விட்டால் பறக்கும்.

ஃபாக்ஸ்குளோவ், நரியின் கையுறை என்று அர்த்தம். படத்தில் ஒரு நீளக் கொம்பு, அதில் வரிசையாக ரோஸ் மணிகள் தொங்குகின்றன. மணிக்குள்ளே புள்ளி புள்ளியாக. இவ்வளவு அழகான பூவை நான் எங்கும் பார்த்ததில்லை.

நான் அன்றைக்கே பாத்தி கொத்தி, எரு போட்டு, விரலால் குழி குத்தி, நிலக்கடலை ஊன்றுகிற மாதிரி ஊன்றி மூடினேன். எங்கள் தோட்டத்தில் எதை விதைத்தாலும் அப்படித்தான். யாழினி பாக்கெட்டின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை உட்கார்ந்து படித்தாள். தீபாவளி ஸ்வீட் பாக்ஸில் அவள் அப்பா அனுப்பிய தென்னை நார்த்தூளை நிரப்பி, மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அமுக்கி, அப்படியே விட்டுவிட்டாள். மண்ணே போடவில்லை. நான் சிரித்தேன்.

அந்த விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்குமாம். நான் புதைத்திருக்கிறேன்.

அப்பா சொன்னது: “படிச்சுப் பாத்து செய்யோணும் கண்ணு. யாழினியப் பாரு.”

யாழினிக்கு ஜூனிலிருந்து கிடைத்தவை: என் படிக்கிற அறை. என் பழைய சைக்கிள், புது சீட் போட்டு. அம்மாவின் அரிசிம்பருப்பு சாதத்தில் முதல் கரண்டி, ‘ஒரம்பரை மாதிரி’ என்று, விருந்தாளியாம். காலை ஆறரை மணி அப்பா.

கடைசியாக எழுதியதுதான் விஷயம். அப்பா என்னோடு பேசுகிறவர் இல்லை. யாரோடும் இல்லை. இப்போது தினமும் ஆறரைக்கு அந்தப் பெட்டி முன்னால் குனிந்து நின்று அவளோடு பேசுகிறார். இன்று சொன்னது: “நரிக்கு கிளவுஸா? நம்ம யூனிட்ல கெடக்கற வேஸ்டுக்கு தெருநாய்க்கெல்லாம் ஜட்டியே தெச்சுப் போடலாமாட்ட இருக்குது.” அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அப்பா ஜோக் அடிப்பார் என்பதே எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியாது.

நவ. 20, வியாழன்

தூறல். சாக்ஸ் காயவில்லை, ஈரத்தோடு போட்டேன்.

யாழினி அட்டையில் எழுதிக் குத்தி வைத்திருக்கிறாள்: ‘தொடாதே. விஷச் செடி.’ இலை, பூ எல்லாமே விஷமாம், பாக்கெட்டில் போட்டிருக்கிறது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏஞ்சாமி, ஊட்டுல விஷத்த வெச்சு வளத்தறதுக்கு ரெண்டு கொத்தமல்லி தூவியிருந்தா ரசத்துக்காச்சும் ஆகுமல்லோ?” சொல்லிவிட்டுத் தூறல் படாமல் பெட்டியை நகர்த்தி வைத்ததும் அம்மாதான்.

சாயங்காலம் நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

பையர் மேடம் வீடியோ காலில் வந்தார். அப்பா போனை எடுத்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போய்ப் பெட்டியைக் காட்டினார். யாழினி பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள். மேடம் இங்கிலீஷில், உங்கள் மகள் ரொம்பக் கெட்டிக்காரி, கையில் ராசி இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். மகள் என்ற வார்த்தை நன்றாகவே கேட்டது. நான் துணிக்கொடியின் பக்கம், போனில் தெரியாத இடத்தில் நின்றிருந்தேன்.

அப்பா இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தார். “தேங்க் யூ மேடம், தேங்க் யூ.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து: “தாரணி, செம்புல ஊத்துனா முளையெல்லாம் சாயுது. நாளைக்கு யூனிட்டுக்குப் போயி செல்விகிட்ட ஒரு ஸ்பிரே பாட்டில் வாங்கிட்டு வந்து யாழினிக்குக் குடு.”

சரிங்கப்பா என்றேன்.

நவ. 21, வெள்ளி

செய்துவிட்டேன்.

நான் மட்டும்தான் படிப்பேன் என்பதால் ஒழுங்காக எழுதுகிறேன்.

யூனிட் எங்கள் காம்பவுண்டை ஒட்டித்தான். செக்கிங் டேபிளுக்கு செல்வி அக்காதான் பொறுப்பு. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், பதினோரு வருடமாக இருக்கிறார். தைத்து வந்த பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, பிசிறு பார்ப்பது அவர் டேபிளின் வேலை. அங்கே ஒரே மாதிரி ஸ்பிரே பாட்டில்கள் நிறைய இருக்கும். சிலவற்றில் அயர்ன் டேபிளுக்குத் தண்ணீர், சிலவற்றில் கறை எடுக்கிற மருந்து. மாறிவிடாமல் இருக்க செல்வி அக்கா ஒவ்வொன்றின் கழுத்திலும் பனியன் துணிப் பட்டை கட்டியிருக்கிறார். வெள்ளை என்றால் தண்ணீர். சிவப்பு என்றால் மருந்து. வடக்கத்திக்காரப் பெண்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பட்டை எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளை கட்டியதை என்னிடம் கொடுத்தார். “இது தண்ணி பாட்டில், தாயி. செவப்பத் தொட்டுறாத, கை பொத்துப்போவும். செடி எப்படி இருக்கு? நீயும் போட்டேல்ல?”

“எனக்கு வரலீங் அக்கா.”

“அதுக்கென்ன, அடுத்த மட்டம் வரும்லா.”

பண்டல் வந்ததென்று யாரோ கூப்பிட அவர் போனார். டேபிள் ஓரத்தில் சிவப்பு ஒன்று நின்றிருந்தது. நான் இரண்டு பட்டைகளையும் அவிழ்த்தேன். மாற்றிக் கட்டினேன். தண்ணீர் பாட்டிலைச் சிவப்போடு டேபிளில் வைத்துவிட்டு, மருந்து பாட்டிலை வெள்ளையோடு எடுத்து வந்தேன். பின்கட்டுக் குழாயடியில் மருந்தைக் கொட்டினேன். மூன்று தடவையாவது அலச வேண்டும் என்று தெரியும். அலசவில்லை. அடியில் விரல் தடிமன் நின்றது. அதன் மேலேயே நல்ல தண்ணீர் பிடித்தேன்.

உப்புத் தண்ணீர் கூட இல்லை, குடிக்கிற நல்ல தண்ணீர். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

யாழினி அடித்துப் பார்த்துவிட்டு, “யூனிட் வாசம் அடிக்குதுக்கா” என்றாள்.

“யூனிட் பாட்டில்ல வேற என்ன வாசம் அடிக்கும்?”

எங்கள் வீட்டில் தலையணை கூட யூனிட் வாசம்தான் அடிக்கும். அவள் மேலே கேட்கவில்லை. “தேங்க்ஸ்க்கா” என்றாள்.

நவ. 22, சனி

வெயில். கெமிஸ்ட்ரி படிக்கவில்லை.

காலை அடித்தாள். மதியம் அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் பச்சையாக, நிமிர்ந்து.

ஒன்றும் ஆகாவிட்டால் நான் ஒன்றும் செய்யாத மாதிரிதானே? சாப்பாடு இறங்கியது. ஆனால் எட்டு தடவை போய்ப் பார்த்தேன். நல்லபடியாக இருக்கிறதா என்று பார்க்கவா, மற்றதைப் பார்க்கவா? இரண்டும்தான்.

நவ. 23, ஞாயிறு

ஷிப்மெண்ட் இருப்பதால் யூனிட்டுக்கு லீவு இல்லை.

ஆறரைக்கு யாழினியின் குரல். கத்தவில்லை. “பெரியப்பா, இங்க வாங்களே” என்றாள், அவ்வளவுதான். ஓரம் எல்லாம் காப்பிப் பொடி நிறம். எண்ணினாள். நிற்பது 9. மற்றவை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

உண்மை எழுத வேண்டும் என்று ஆரம்பித்தேன், எழுதுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல் தேய்த்து முடிக்கிற நேரம் வரைக்கும்.

யாழினி சொன்னாள், “நாந்தான் தண்ணி ஜாஸ்தியா அடிச்சுட்டனாட்டிருக்குங் பெரியப்பா.” அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்பா பாட்டிலை எடுத்தார். மூக்கருகே வைத்தார். கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார். “இது தண்ணி இல்லே” என்றார். அப்படியே யூனிட்டுக்குப் போனார். நானும் யாழினியும் பின்னாலேயே. டேபிளில் சிவப்புப் பட்டை கட்டிய பாட்டிலை எடுத்து அடித்துப் பார்த்தார். வெறும் தண்ணீர். “நேத்துப் பூரா அடிச்சும் ஆயில் கறை போகலீங்க” என்றாள் அங்கிருந்த ஒருத்தி.

அப்பா சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவர் கோபம் வந்தால் குரலை இறக்குவார்.

“யாரு பட்ட கட்டுனது?”

“நாந்தான் மொதலாளி.”

“மாத்திக் கட்டிருக்கறீங்க.”

செல்வி அக்கா இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். “நாந்தான் கட்டுனேன்... கண்ணு அசந்துட்டனோ என்னமோ. ஷிப்மெண்டுக்கு ரெண்டு ராத்திரி முழிச்சிருந்தேம்லா.”

செய்யாததை, செய்திருப்போமோ என்று அவரே நினைக்கிறார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நின்றேன்.

“செடி போச்சு, அத விடுங்க. ஒரு புள்ள மூஞ்சில அடிச்சிருந்தா? கண்ணுல பட்டிருந்தா?” அப்பா யாழினியின் தோளைப் பிடித்திருந்தார். “இனி உங்கள நம்பி நான் டேபிள உட முடியாதுங்க. வர்ற சனிக்கெழமையோட போதும்.”

வேலை போனால் ரூமும் போகும். கம்பெனி லைன் வீடுதான் அது. அவர் மகள் பிளஸ் டூ. வருஷ நடுவில் எங்கே போவாள்?

யாழினிதான் சொன்னாள், “பெரியப்பா, பாவம், விட்டுடுங்க, எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்று. நான் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் எனக்கு எரிந்தது.

நவ. 24, திங்கள்

கெமிஸ்ட்ரி: 50க்கு 19 வரும். டிபனை யாருக்கோ கொடுத்தேன்.

யாழினி நார்த்தூளை மாற்றி, மிச்ச நாற்றை ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியால் எடுத்து, இங்க் ஃபில்லரால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி நட்டிருக்கிறாள். பிழைத்தது 4. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து வீட்டில் அவளுக்குத்தான் எல்லோரும் ஆறுதல். நான் கெடுத்தேன், கெடுத்ததிலும் அவளுக்கே லாபம். இப்படி எழுதுகிறவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிகிறது.

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு டீ டம்ளர், அதில் இரண்டு நாற்று.

“அக்கா, உன்ற பாதி வரவே இல்லையல்லோ. இருக்கறதுல பாதி நீ வெச்சுக்க.”

“எனக்கு எதுக்கு? நீயே வெச்சுக்க.”

“பாக்கெட்டு உனக்குன்னுதான் குடுத்தாங்க. பெரியப்பாதான் எனக்கும் பிரிச்சாரு. அன்னிக்கு வீடியோ கால்ல கூட சொல்லோணும்னு நெனச்சேன். எனக்கு இங்கிலீஷ்ல டக்குனு வரலக்கா.”

டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

இதைப் படித்தால் அந்த நிமிடத்திலிருந்து நான் அவளை நேசிக்க ஆரம்பித்தேன் என்று எழுதுவேன் என்று தோன்றும். இல்லை. இன்னும் பிடிக்கவில்லை. முன்னால் காரணம் இருந்தது. இப்போது காரணம் இல்லாமலே.

நவ. 25, செவ்வாய்

பகலில் கரண்ட் இல்லை, மாதாந்திர பராமரிப்பு. யூனிட் சத்தம் நின்றதும் ஊரே காது அடைத்த மாதிரி.

ஸ்கூல் விட்டு வந்தபோது செல்வி அக்கா பின்கட்டில் நின்றிருந்தார். அம்மாவிடம் அட்டைப்பெட்டி கேட்டு வந்திருக்கிறார், பாத்திரம் கட்ட. அம்மா உள்ளே போய்த் தேடிக்கொண்டிருந்தாள். குழாயடியில் அந்தப் பாட்டில் இன்னும் கிடந்தது, வெள்ளைப் பட்டையோடு. யாரும் தொடவில்லை. அவர் எடுத்தார்.

“ஏ தாயி, நான் ஒங்கையில குடுக்கும்போது இதுதானா?”

“ஞாபகமில்லீங் அக்கா.”

அவர் பட்டையின் முடிச்சைப் பெருவிரலால் திருப்பிப் பார்த்தார். தைத்த துணியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

“நான் கெட்டுறது ரெட்ட முடிச்சு. நுனிய வெட்டி உள்ள சொருகிருவேன், பிசிறு துணியில மாட்டக் கூடாதுன்னு. இது ஒத்த முடிச்சு. நுனி தொங்குது.”

எனக்குக் காது சூடானது. கொடியில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டேன்.

“டேபிள்ல இருக்க செவப்பையும் போயிப் பாத்தேன். அதுவும் ஒத்த முடிச்சுதான். பதினோரு வருசமா அடுத்தவுக தப்பப் பாக்குறதுதான எனக்கு வேல.”

“அக்கா...”

“நான் போயிச் சொன்னா சொந்தப் புள்ளைய விட்டுட்டு என்னையவா நம்புவாக? கோள் சொல்லி வேலையக் காப்பாத்துறான்னுதான் பேரு வரும். எனக்கு அது வேண்டாம்.” பாட்டிலை என் கையில் வைத்தார். “ஒனக்கு வாயி இருக்குல்லா.”

அம்மா அட்டைப்பெட்டியோடு வந்தாள். அக்கா சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, “வாரேன்மா” என்று போனார்.

அவர் திட்டியிருக்கலாம்.

நவ. 26, புதன்

மழை, நல்ல மழை. ஸ்கூலில் நாளை லீவு வரும் என்றார்கள்.

அப்பாவிடம் சொல்லப் போனேன். மொட்டை மாடிப் படியில் நின்று போனில் ஷிப்மெண்ட் பேசிக்கொண்டிருந்தார். காத்திருந்தேன். முடித்துவிட்டுத் திரும்பினார்.

“என்ன கண்ணு?”

“ஒண்ணுமில்லீங்கப்பா.”

“நனையாம உள்ள போ.”

அந்தக் ‘கண்ணு’ போய்விடுமே என்றுதான் வாய் வரவில்லை. எழுதி வைக்கிறேன், அதற்குத்தான்.

பயங்கள், வரிசைப்படி:
அடிப்பார் என்று இல்லை. அடிக்க மாட்டார்.
அம்மா அழுவாள்.
சித்தப்பாவுக்குப் போன் போகும். பெரியப்பா மகள் செய்தது என்று உடுமலை முழுக்கத் தெரியும்.
யாழினி என்னை மன்னித்துவிடுவாள். அதைத் தாங்க முடியாது.
அப்பா குரலை இறக்கி ஒரே வரி சொல்லுவார். அதற்குப் பிறகு ஆறரை மணிக்கு அவளோடு மட்டும்தான் பேசுவார், நியாயமாகவே.

சொல்லாவிட்டால்: சனிக்கிழமை டெம்போ வரும். செல்வி அக்கா ரூமில் பாத்திரம் எல்லாம் கட்டியாகிவிட்டது. அவர் மகள் லைன் வீட்டு வாசல் லைட்டின் கீழே உட்கார்ந்து படிக்கிறாள், உள்ளே மூட்டை இருப்பதால். மாடியிலிருந்து பார்த்தேன். புத்தகத்தின் மேல் குடை பிடித்துக்கொண்டு.

நவ. 27, வியாழன்

லீவு விடவில்லை. மழை நின்றுவிட்டது.

வாயால் முடியாது என்று தெரிந்துபோனது. அதனால் எழுதினேன். நான்கு தாள் ஆனது. முதல் தாளில் யாழினியால் எனக்கு என்னவெல்லாம் போனது என்று வந்தது. கிழித்தேன். இரண்டாவதில் ‘தெரியாமல்’ என்ற வார்த்தை இருந்தது. கிழித்தேன். மூன்றாவதில் ஒரே மன்னிப்பு, அதையும் கிழித்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

‘அப்பா, பட்டையை மாற்றிக் கட்டியது நான். வேண்டும் என்றேதான் செய்தேன். செல்வி அக்கா சரியாகத்தான் கொடுத்தார். அவர் கட்டுவது ரெட்டை முடிச்சு, மற்ற பாட்டில்களில் பாருங்கள். அவரைப் போகச் சொல்லாதீர்கள். தாரணி.’

எட்டு மணிக்கு அவர் தலையணை மேல் வைத்தேன். அவர் யூனிட்டிலிருந்து வரவில்லை. எட்டே காலுக்கு எடுத்துவிடலாம் என்று போனேன். எட்டரைக்கு மறுபடி போனேன். கையில் எடுத்தும் விட்டேன். யாழினி அவள் அறையிலிருந்து, “அக்கா, ஜியாமெட்ரி பாக்ஸ் இருக்கா?” என்று கேட்டாள். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

10.05. கேட் சத்தம். செருப்பு கழற்றுகிறார். அம்மா தட்டு வைக்கிறாள்.

10.20. கை கழுவுகிறார். அம்மாவிடம் ஏதோ சொல்கிறார், மழை பற்றி.

10.25. அவர் அறை லைட்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு தாள் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆறு வரிதான். இந்நேரம் இரண்டு தடவை படித்திருக்கலாம்.

பின்கதவு திறக்கிறது. யூனிட் பக்கம் போகிறார். முடிச்சைப் பார்க்கப் போகிறாரா? இந்த நேரத்தில் டேபிள் லைட் போட்டிருக்கிறார், என் ஜன்னலில் தெரிகிறது. எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பார்ப்பார்.

அணைத்துவிட்டார். லைன் வீட்டுப் பக்கம் பேச்சு. செல்வி அக்கா குரல், அப்பா குரல். வார்த்தை புரியவில்லை. அப்பா குரல் தாழ்ந்திருக்கிறது. ஆனால் இது கோபத் தாழ்வு இல்லை. யாரிடமோ ஏதோ கேட்கிறவர் மாதிரி இருக்கிறது. அக்கா, “ஐயோ மொதலாளி, அப்படிச் சொல்லாதீக” என்றார். அது தெளிவாகக் கேட்டது.

இருக்கிறார்கள். செல்வி அக்காவும் மகளும் போகப்போவதில்லை.

பின்கதவு சாத்துகிறார். தாழ்ப்பாள். ஹால் லைட் போடவில்லை, இருட்டிலேயே நடக்கிறார். காலடிச் சத்தம் யாழினி அறைப் பக்கம் வருகிறது. அவளிடம்தான் முதலில் போவார், போகட்டும், அவளுடைய செடிதானே, அவளிடம் சொல்ல வேண்டியதுதான். நின்றுவிட்டார்.

இல்லை. தாண்டிவிட்டார்.

என் கதவு. ஒரு தட்டு. எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்டி வருகிறவர்கள் இல்லை, அப்பா தட்டுகி